இரண்டு டப்பாவிலும் ஒரே குழம்பு

நவம்பர் 3, திங்கள்

தூறல். நிற்கவும் இல்லை, பெய்யவும் இல்லை. மூடிக் கிடக்கிற தங்கச் சுரங்கத்தின் சைனைடு மேட்டிலிருந்து வழிந்த சாம்பல் சேறு ரோடு வரைக்கும். ஒவ்வொரு செருப்பும் ஒரு கிலோ.

முதலில் ஒரு மன்னிப்பு. இது யூகேஜி பிள்ளைகள் கையெழுத்துப் பழகும் நாலு கோடு நோட்டு. அட்டை கிழிந்திருந்ததால் ஆபீஸில் ஒதுக்கிப் போட்டார்கள். கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். என்னைப் போன்றவள் எழுதிவைக்க அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கே கூச்சம். எங்கள் வீட்டில் இதுவரை எழுத்தில் இருப்பவை: ரேஷன் கார்டு, கரண்ட் பில், அப்பாவின் இறப்புச் சான்றிதழ். மூன்றும் யாரோ எழுதியவை.

ஆனால் ஜூனிலிருந்து ஒன்றை விழுங்கிக்கொண்டே இருக்கிறேன். இன்று தொண்டை வரை வந்துவிட்டது.

பள்ளி ரிஜிஸ்டரில் நான்: சுகன்யா, பி.காம்., யூகேஜி 'பி'. அதே ரிஜிஸ்டர், கடைசிப் பக்கம்: கன்னியம்மா, ஆயா. கன்னியம்மா என் அம்மா.

அப்பா போனது போன வருடம். பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகிற காலை ரயிலில், உட்கார்ந்தபடியே. பங்காரப்பேட்டை தாண்டும்வரை தூங்குகிறார் என்றே நினைத்தார்களாம். அதற்குப் பிறகு அம்மா ராபர்ட்சன்பேட்டையில் இந்தப் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தாள். எனக்கு வேலை கேட்டதும் அவள்தான். மூன்று முறை பி.மே. ரூம் வாசலில் நின்று. (பி.மே. = பிரின்ஸிபால் மேம். முழுசாக எழுதக் கை வரவில்லை.) வேலை கொடுத்த அன்று பி.மே. சொன்னது, வார்த்தை மாறாமல்:

"ஒண்ணு மட்டும். ஸ்கூல்ல அம்மா கிம்மான்னு கூப்பிடக் கூடாது. பேரண்ட்ஸ் ஃபீஸ் கட்டறாங்க. டாய்லெட் கழுவறவங்க பொண்ணா எங்க பிள்ளைக்குக் கிளாஸ் எடுக்குதுன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? உங்க ரெண்டு பேருக்கும் வேலை வேணும் இல்ல?"

அம்மா வாய் திறக்கும் முன் நான் சொன்னேன்: "சரி மேம்."

யோசிக்கக்கூட இல்லை. அதுதான் தொண்டையில் நிற்கிறது.

இப்போது நடைமுறை:

– காலையில் அம்மா ஏழரை ஷேர் ஆட்டோ. நான் எட்டேகால். மைசூர் மைன்ஸில், பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில், ஒரே லைன், ஒரே கதவு.
– பள்ளியில் நான் அவளை 'ஆயாம்மா', 'வாங்க', 'போங்க'. அவள் என்னை 'மிஸ்'.
– வீட்டில் 'வா', 'போ'. மரியாதை கூடுகிற இடத்தில்தான் அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.
– இரண்டு டப்பாவிலும் ஒரே குழம்பு. அதனால் ஸ்டாஃப் ரூமில் நான் டப்பாவைத் திறப்பதில்லை.

இன்று நடந்தது. யூகேஜி டாய்லெட் அடைத்துக்கொண்டது. அம்மா முழங்கை வரை கையை விட்டு ஒரு பொம்மைக் காரை எடுத்தாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருந்தேன். நாற்றம் தாங்கவில்லை. "எல்லாரும் மூக்கை மூடுங்க" என்றேன்.

இருபத்தெட்டுப் பிள்ளைகள் என் அம்மாவைப் பார்த்து மூக்கை மூடினார்கள். இருபத்தொன்பதாவது மூக்கு என்னுடையது.


நவம்பர் 4, செவ்வாய்

மேகம். துணி காயவில்லை. ஈர யூனிஃபார்ம் வாசனை வகுப்பு முழுக்க, நாய் நனைந்த மாதிரி.

வேலை: பெட்டியில் வந்த புத்தகங்களுக்கு பிளாஸ்டிக் அட்டை போடுவது. பெங்களூரிலிருந்து யாரோ நாற்பது படக்கதைப் புத்தகங்கள் அனுப்பியிருக்கிறார்கள். பி.மே. அவற்றைத் தன் ரூம் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். "பிள்ளைங்க கை பட்டா அழுக்காயிடும்." பிள்ளைகளுக்கு வந்த புத்தகம். ஒரு நாளைக்கு மூன்று வீதம் அட்டை போட எனக்குத் தருகிறார்கள். மூன்றையும் நான் வகுப்பில் படித்துக்காட்டிவிட்டுத்தான் திருப்பித் தருகிறேன். இது யாருக்கும் தெரியாது. நான் செய்கிற ஒரே திருட்டு. (இந்த நோட்டைச் சேர்த்தால் இரண்டு.)

ரேகா மிஸ், எல்கேஜி, பஜாரில் பாத்திரக்கடைக் குடும்பம். ஸ்டாஃப் ரூம் வாசலில் நிறுத்தினார்.

"ஏய் சுகன்யா, டெய்லி டப்பாவைத் தூக்கிக்கினு எங்க ஓடறே?"

"தண்ணி டேங்க் பின்னாடி மிஸ். காத்து வரும்."

"ஓ. அந்தக் காத்துக்கு பேரு இன்னா? பைக் வெச்சிருக்கா?"

எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். அதற்குள் அம்மா தண்ணீர்க் குடத்தை உள்ளே வைத்தாள். ரேகா மிஸ் தன் டம்ளரை எடுத்து மறுபடி கழுவிவிட்டுக் குடித்தார். அம்மா பார்த்தாள். அம்மா பார்த்ததை நான் பார்த்தேன். நேராகக் காற்றிடம் போய்விட்டேன்.

டேங்க் பின்னால் நான் சாப்பிடுவது ஐந்து நிமிடம். மீதி இருபது நிமிடம் போனில் ஒரு வலைப்பூ. அதை எழுதுகிற அக்கா மதுரைப் பக்கம் ஏதோ ஊர். அவர் மகனுக்குக் காது கேட்காது. அவனுக்காகத் தேடித் தேடிப் படித்த சிறுவர் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறார். அப்பா போன பதினாறு நாளும் வீடு நிறைய ஆட்கள், அழுகை, காப்பி டம்ளர், ஈ. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இதைத்தான் படித்தேன். எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. காரியச் சாமான் எங்கே கிடைக்கும் என்று தேடப் போய், 'அப்பாவை இழந்த குழந்தைக்கு என்ன வாசிக்கலாம்' என்று ஒரு பதிவு வந்து நின்றது. எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. குழந்தை இல்லை. ஆனாலும் படித்தேன்.

அதில் ஒரு கதை. சிறுமி செத்துப்போன அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். கடைசிப் பக்கத்திலும் செருப்பு பெரிதாகவே இருக்கிறது. அவள் வளர்ந்தாள், செருப்பு சரியானது என்றெல்லாம் இல்லை. அன்றுதான் முதன்முதலாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

பிடித்த மற்றவை:

– காது கேளாத பையன். தம்பியைக் கையாலேயே திட்டுகிறான். அம்மாவுக்கு அந்தக் கைமொழி தெரியாததால் தப்பிக்கிறான்.
– சக்கர நாற்காலிப் பெண் கொய்யா திருடுகிறாள். தோட்டக்காரன் எல்லோரையும் திட்டுவது போலவே அவளையும் திட்டுகிறான், ஒரு வார்த்தை குறைக்காமல். (இந்தப் புத்தகம் பெட்டியில் இருக்கிறது. இதை மட்டும் உடனே திருப்பித் தர மனம் வரவில்லை.)
– மீன்காரரின் மகள். அப்பாவின் கூடை நாற்றம் அவளுக்குப் பிடிக்காது. கதை முடியும்போதும் பிடிக்கவில்லை. ஆனால் கடைசிப் படத்தில் கூடையின் ஒரு பக்கம் அப்பா கையில், மறுபக்கம் அவள் கையில்.

யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. யாரும் 'பாவம்' என்பதில்லை. எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிற 'நல்ல குடும்பம்' சார்ட்டைப் பார்த்தால்தான் எனக்கு வாந்தி வருகிறது. ரோஸ் நிற அப்பா, ரோஸ் நிற அம்மா, ரோஸ் நிற நாய்.

மீன்கூடைப் பதிவை மட்டும் நாற்பது முறையாவது படித்திருப்பேன். காரணம் எழுத வேண்டுமா? எழுதுகிறேன். அம்மாவின் சேலையில் ஆசிட் வாசனை போவதில்லை. ராத்திரி பக்கத்தில் படுக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நான் அதைத் தூக்கத்தில் செய்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைப்பது போல் காட்டிக்கொள்கிறாள்.


நவம்பர் 5, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது, கொஞ்ச நேரம்.

தீக்ஷா வாந்தி. நூடுல்ஸ். என் மேஜைக் காலடியில். வாசனையில் இன்னும் இரண்டு பேர் ஓங்கரித்தார்கள்.

"ஆயாம்மா, கொஞ்சம் இங்க வாங்க."

மரத்தூள் டப்பாவோடு அம்மா. தூவினாள், கூட்டினாள், துடைத்தாள், தீக்ஷாவின் வாயைக் கழுவினாள், சட்டையில் ஒட்டியிருந்த ஒன்றைக் கையாலேயே எடுத்தாள். "ஒண்ணுமில்லடி கண்ணு, வவுறு தொந்தரவு குடுத்துச்சி. இப்ப வெளிய வந்துடுச்சி. ஓடிப்போச்சி." எனக்கும் இதே வார்த்தைகள்தான், இதே குரல்தான், காய்ச்சல் வந்த ஒவ்வொரு முறையும். நான் அட்டென்டன்ஸ் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டென்டன்ஸ் காலையிலேயே எடுத்தாயிற்று.

தீக்ஷா தெளிந்ததும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிஸ், ஆயாம்மா மூக்கும் உங்க மூக்கும் ஒண்ணா கீது."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "மூக்குன்னா எல்லாருக்கும் ரெண்டு ஓட்டைதாண்டி கண்ணு."

வகுப்பே சிரித்தது. நான் சொன்னது: "எல்லாரும் பக்கம் பன்னெண்டு."

ஆறு வயதுக் குழந்தை உண்மையைக் கையில் கொடுக்கிறது, நான் பக்கம் பன்னிரண்டு என்கிறேன். சீ.


நவம்பர் 6, வியாழன்

காற்று. சாப்பாடு: கத்திரிக்காய்க் காரக்குழம்பு (இரண்டு டப்பா).

மீட்டிங். பதினான்காம் தேதி குழந்தைகள் தினம். பள்ளி சேர்மன் வருகிறார். பி.மே.க்குத் திடீரென்று வாசிப்பின் மேல் காதல். அலமாரியைத் திறந்து புத்தகங்களை மேஜையில் பரப்பி போட்டோ எடுக்கப்போகிறார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து ஒருவர் வந்து கதை சொல்ல வேண்டும். யூகேஜி 'பி'யில் மட்டும், முன்மாதிரியாக, டீச்சரின் வீட்டிலிருந்து ஒருவர். ஏனென்றால் கதை நேரத்தில் என் வகுப்புதான் சத்தம் போடாமல் இருக்கிறதாம். கவனித்திருக்கிறார். என் திருட்டும் தெரிந்திருக்குமோ.

மீட்டிங் முடிந்து எல்லோரும் போன பிறகு:

"சுகன்யா, உனக்கு சித்தி, அத்தை யாராவது இருக்காங்களா? கொஞ்சம் டீசன்டா, இங்கிலீஷ் தெரிஞ்சவங்களா?"

"அத்தை பேத்தமங்களாவுல இருக்காங்க மேம். வயல் வேலை."

"ம்ஹும். அப்ப வேணாம்."

வெளியே ரேகா மிஸ் காத்திருந்தார். காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. என் அம்மா யார் என்று அவருக்குத் தெரியாது. பெங்களூரில் கம்பெனி வேலை என்று பி.மே. சொல்லிவைத்திருக்கிறார்.

"அட, இதுக்கா மூஞ்சி இப்படி வெச்சிருக்கே? எங்க நாத்தனாரை அனுப்பறேன். மைசூர்ல படிச்சவ. உன் அத்தைன்னு சொல்லிக்கோ. சேர்மன் இன்னா ரேஷன் கார்டா கேக்கப் போறாரு?"

நான் என்ன சொன்னேன் என்று எழுதத் தேவையில்லை. அதே இரண்டு வார்த்தைதான். 'மேம்' இருந்த இடத்தில் 'மிஸ்'.

ஆக, அடுத்த வெள்ளிக்கிழமை நான் பாத்திரக்கடைக்காரரின் தங்கையை அத்தை என்று கூப்பிடப்போகிறேன். அம்மா வெளியே நின்று, குழந்தைகள் தினத்தன்று, குழந்தைகள் சிந்துகிற கேசரியைத் துடைக்கப்போகிறாள்.


நவம்பர் 8, சனி

கனகதாசர் ஜெயந்தி, அரசு லீவு. குளிர். எண்ணெய்க் குளியல்.

இதை எழுதத்தான் வேண்டும். எழுதாமல் இருந்தால் நடக்கவில்லை என்று நானே நம்பிவிடுவேன்.

தலைக்குக் குளித்துவிட்டுக் கதவிடுக்கில் கையை நீட்டினேன். துண்டு எடுக்க மறந்துவிட்டேன். கண்ணில் சீயக்காய். கூப்பிட்டேன்:

"ஆயாம்மா, துண்டு."

அடுப்படியிலிருந்து உடனே பதில்:

"வந்தேன் மிஸ்."

குக்கர் விசில் வந்து போனது. துண்டு என் கையில் விழுந்தது. நான் உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன், தண்ணீர் ஆறிப்போகும்வரை.

வெளியே வந்தபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பழக்கம்" என்றாள். "கை பாட்டுக்கு வேலை செய்யற மாதிரி வாயும் செய்யுது. நீ இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீறே? குயம்பு ஆவுது, வா."

சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் மண். என் மீது எனக்கு இவ்வளவு அருவருப்பு இதற்கு முன் வந்ததில்லை. டாய்லெட்டைக் கழுவினால் போய்விடுகிறது. இதை என்ன போட்டுக் கழுவுவது.


நவம்பர் 9, ஞாயிறு

மழை. அட்டை போடக் கொண்டுவந்த கொய்யாப் புத்தகம் கட்டிலில் கிடந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையை மறுபடி துடைத்துக்கொண்டு, எடுத்தாள். மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டுவாள். ஆனால் எழுத்துப் பக்கமே போகவில்லை. படத்தில் விரலை வைத்து, தனக்குத்தானே:

"இது இன்னா வண்டி... ஓ, கால் வராதா பாப்பாவுக்கு. இவ பாரு, அடிப்பாவி, வண்டிய மரத்துக்கு முட்டுக்குடுத்து ஏறிக்கினா. டேய், அதோ வரான் பாரு தோட்டக்காரன், மீசைய பாரு, உங்க அப்பா மாமன் மாதிரியே கீறான். திட்டறான் திட்டறான்... ஐயோ, இவ கொய்யாவ கவுனுக்குள்ள போட்டுக்கினா."

நான் அட்டை போடுவதை நிறுத்திவிட்டேன். வகுப்பில் நான் இதே கதையை நான்கு முறை படித்திருக்கிறேன். வண்டியை முட்டுக்கொடுத்தது எனக்குத் தெரியவே இல்லை. படத்தில் இருக்கிறது. சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்.

கடைசிப் பக்கம். அம்மா புத்தகத்தை மூடவில்லை.

"பாவம்னு ஒருத்தனும் சொல்லல பாரு. நல்ல புக்கு." கொஞ்சம் கழித்து: "எல்லாம் காட்டிக்கீறாங்க. வீடு, மரம், சமையக்கட்டு. இந்த வீட்டு கக்கூச யாரு கழுவறாங்கன்னு மட்டும் காட்டல."

"கதைக்கு அது எதுக்கும்மா?"

"கொய்யா அவ்ளோ துன்னா போவாமயா இருப்பா?"

இரண்டு பேரும் சிரித்தோம். நீண்ட நாளைக்குப் பிறகு. எனக்குக் கண்ணில் தண்ணீர்.

அவள் போனபிறகு வலைப்பூவில் முதன்முதலாகப் பின்னூட்டம் எழுதினேன். அப்பா போனதிலிருந்து படிக்கிறேன், ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். கடைசியாக அனுப்பியது: 'அக்கா, பள்ளிக்கூட டாய்லெட் கழுவுகிற ஆயாவின் பிள்ளை வருகிற படக்கதை ஏதாவது இருக்கிறதா? தொந்தரவுக்கு மன்னிக்கவும்.' பெயர் போடவில்லை.


நவம்பர் 11, செவ்வாய்

பனி. லைன் முழுக்க இருமல்.

பதில் வந்திருக்கிறது. டேங்க் பின்னால் நின்றபடியே படித்தேன், டப்பாவைத் திறக்காமல்.

'எனக்குத் தெரிந்து இல்லை. துப்புரவு செய்கிறவர்களுக்கு நன்றி சொல்லக் கற்றுத்தருகிற புத்தகங்கள் சில உண்டு. அவற்றில் அவர்கள் கும்பிடப்படுகிறார்கள், யாருக்கும் அம்மாவாக இருப்பதில்லை. அதனால் நான் அவற்றைப் பற்றி எழுதியதில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்டது எதற்கு என்று புரியவில்லை. அந்தப் பிள்ளை கதையில் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?'

கீழே இன்னொருவர் யாரோ: 'அருமையான கேள்வி. எங்கள் வீட்டு வேலைக்கார அம்மாவுக்குப் பிறந்தநாளில் கேக் வெட்ட வைத்தோம், குழந்தைகள் நிறையக் கற்றுக்கொண்டார்கள்.' அதற்கு முப்பத்திரண்டு விருப்பக்குறி. அந்த அம்மா அன்றைக்கு கேக் தட்டையும் கழுவியிருப்பாள். அங்கேயும் நாற்றம். அக்கா அதற்குப் பதில் எழுதவில்லை. அது ஆறுதல்.

அந்தப் பிள்ளை கதையில் என்ன செய்ய வேண்டும். மத்தியானம் முழுக்க இதே. கணக்குப் பாடத்தில் ஏழும் ஐந்தும் பதினொன்று என்று போர்டில் போட்டுவிட்டேன். தீக்ஷா திருத்தினாள்.


நவம்பர் 12, புதன்

வெயில். ஒத்திகை.

ரேகா மிஸ்ஸின் நாத்தனார் வந்தார். பட்டுச்சேலை, கூலிங் கிளாஸ், மல்லிகையும் சென்ட்டும் சேர்ந்து ஒரு வாசனை. ஆசிட்டைவிட அதிகமாகத் தலை வலித்தது. அம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டு, முந்தானையால் தூசி தட்டினாள். நாத்தனார் உட்காரும் முன் கைக்குட்டையை விரித்துக்கொண்டார்.

கொய்யாப் புத்தகத்தைப் புரட்டினார். "அய்யோ பாவம், ஹேண்டிகேப்டா? சேர்மன் முன்னாடி இது வேணாம்மா. சோகமா இருக்கு. ராஜா ராணி ஏதாவது இல்லையா?"

"பாக்கறேன் மேடம்."

"மேடம் இல்ல, அத்தைன்னு பழகிக்கோ." சிரித்தார். கெட்டவர் இல்லை. உண்மையிலேயே உதவி செய்ய வந்திருக்கிறார். "ஆமா, உங்க அம்மா ஏன் வரல? இன்னா பண்றாங்க?"

அம்மா ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டடி தூரம். என் வாய் திறந்தது.

அம்மா சொன்னாள், திரும்பாமல், துணி நிற்காமல்:

"மிஸ்ஸோட அம்மா பெங்களூர்ல கம்பெனில வேலை மேடம். லீவு குடுக்க மாட்டாங்க."

"அப்படியா. பாவம்" என்றார் நாத்தனார்.

ஜன்னல் பளபளவென்று இருந்தது. அதில் என் முகம், அவள் முகம். தீக்ஷா சொன்ன மூக்கு, இரண்டு.

எனக்காக அவள் தன்னைத் துடைத்து எடுத்துவிட்டாள். எவ்வளவு சுத்தமாக. ஒரு கறை இல்லாமல்.

பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். வெறும் தண்ணீர். நானே கழுவினேன். இந்தப் பள்ளியில் நான் கழுவியது அதுதான் முதல்முறை.


நவம்பர் 13, வியாழன்

மேகமூட்டம். எழுத்து நாலு கோட்டுக்குள் நிற்கவில்லை. யூகேஜி என்றால் ஸ்டார் கிடைக்காது.

வரிசையாக:

காலை. ரேகா மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், நாளைக்கு உங்க நாத்தனார் வேணாம். எங்க வீட்ல இருந்து வராங்க."

"யாரு? பேத்தமங்களா அத்தையா? சேத்துக் காலோட கூட்டிட்டு வந்துடாதே." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் புதிது.

பதினொரு மணி. ஆபீஸில் ஃபாரம். கதை சொல்பவர் பெயர்: கன்னியம்மா. புத்தகம்: கொய்யா. டீச்சருக்கு உறவு: அம்மா. மூன்றெழுத்து எழுத இவ்வளவு நேரமா என்று கிளார்க் சார் எட்டிப் பார்த்தார்.

"கன்னியம்மாவா? நம்ம கன்னியம்மாவா?"

"ஆமா சார்."

"உறவுல இன்னாமோ எழுதிக்கீறே."

"சரியாத்தான் சார் எழுதிக்கீறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

மூன்று மணி. பி.மே. ரூம். ஃபாரம் மேஜை மேல்.

"சேர்மன் வராரு. யோசிச்சுதான் எழுதினியா?"

"ஆமா மேம்."

"ஜூன்ல இன்னா பேசினோம்?"

"ஞாபகம் இருக்கு மேம்."

"நான் இதைப் பாக்கலைன்னு வெச்சிக்கறேன். காலைல வேற எழுதிக் குடு. இல்லைன்னா ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்குப் போகலாம். சரியா?"

'சரி மேம்' உதடு வரைக்கும் வந்தது. இருமினேன். நன்றாக, நிறைய இருமினேன், லைனில் எல்லோரும் இருமுவது போல. இருமிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். வீரம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை.

டேங்க் பின்னால் நின்று அக்காவுக்கு ஒரு வரி: 'அந்தப் பிள்ளை கூப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.' பெயர் போட்டேன்.

இப்போது மணி ஆறரை. அம்மா வந்துவிட்டாள். கால் கழுவி, விளக்கேற்றி, கட்டிலோரம் உட்கார்ந்து கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறாள். ஆசிட் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. எண்ணெய் வாசனையும் ஆசிட் வாசனையும் சேர்ந்து வருகிறது. எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பி.மே. அவளிடம் எதுவும் சொல்லவில்லை போல. கிளார்க் சாரும் சொல்லவில்லை. அவளுக்கு எதுவுமே தெரியாது. நாளைக்கு உடுத்த மாத்திரம், ஏனோ, விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற பச்சைச் சேலையை எடுத்து வைத்திருக்கிறாள். சேர்மன் வருகிறாராம், நாற்காலி போட வேண்டுமாம்.

வேலை போனால் என்ன செய்வோம் என்று ஒரு பக்கம் கணக்கு ஓடுகிறது. காலை ரயில் இருக்கிறது. அப்பா போன அதே ரயில். பயம்தான்.

"இன்னாடி அது, வந்ததுலேர்ந்து எழுதிக்கினே கீறே?" என்கிறாள். "பரீச்சையா?"

"ஆமா."

"எழுது எழுது."

எழுதிவிட்டால் வாய் வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். இதைத்தான் போன வாரத் திங்கட்கிழமையிலிருந்து சுற்றி வருகிறேன், ஜூனிலிருந்து சுற்றி வருகிறேன். நோட்டை மூடியதும் கேட்கப்போவது, வார்த்தை மாறாமல்:

அம்மா, நாளைக்குப் பத்தரை மணிக்கு பக்கெட்ட வெளிய வெச்சிட்டு எங்க கிளாசுக்கு வா. இந்தக் கொய்யாக் கதைய அன்னிக்கு எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. எல்லார் எதிர்லயும் நான் உன்ன அம்மான்னுதான் கூப்பிடுவேன். நீ என்ன மிஸ்னு மட்டும் கூப்பிடாத.